கட்டு அவிழ்த்த பிறகு: முதுகு, மூட்டு, தசை வலியும் பிசியோதெரபியும் – நகரி, திருத்தணி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவின் நகரிக்கும் தமிழ்நாட்டின் திருத்தணிக்கும் நடுவில், பிசியோதெரபிஸ்டான என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மக்கள் கேட்கிற கேள்விகள் இவை. பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள். ‘இடுப்பு புடிச்சிக்கிச்சு சார்’ என்பதும் ‘நடுமு பட்டேசிந்தி’ என்பதும் ஒரே வாயில் வரும். தறிக்காரர்கள், மாந்தோப்பில் வேலை செய்பவர்கள், விடியற்காலை ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள், திருமலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்ட பாட்டிமார்கள் எல்லோரும் வருகிறார்கள். நேரில் எப்படிப் பதில் சொல்வேனோ அப்படியே எழுதியிருக்கிறேன்.

பிசியோதெரபின்னா கரண்ட் வைக்கிறதுதானே சார்?

இல்லை. ஆனால் உங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒயரை ஒட்டி, கால் மணி நேரம் படுக்க வைத்து, பில் கொடுத்து அனுப்புகிற பழக்கத்தை வளர்த்தது எங்கள் ஆட்கள்தான்.

கரண்ட் என்று நீங்கள் சொல்லும் டென்ஸ், ஐ.எஃப்.டி. மிஷின்கள் வலியைச் சற்று நேரம் மறைக்கும். அடிபட்ட இடத்தை நாமே கையால் தேய்த்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த வேலையைத்தான் அவை செய்கின்றன. தொடு உணர்ச்சியைத் தூக்கிச் செல்லும் நரம்புகள் முந்திக்கொண்டு ஓட, வலிச் செய்தி முதுகுத் தண்டின் வாசலில் நின்றுவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் இதை விளக்கினார்கள். டென்ஸ் மிஷின் அந்த விளக்கத்திலிருந்து பிறந்ததுதான். மிஷினை எடுத்த ஓரிரு மணி நேரத்தில் வலி பழையபடி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஓரிரு மணி நேரத்தில் மூட்டை அசைத்து வேலை வாங்கினால் மிஷினுக்குப் பயன் உண்டு. படுத்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், போன காசு போனதுதான். அல்ட்ராசவுண்ட் மிஷினுக்கு (ஸ்கேன் எடுப்பதல்ல, வலிக்கும் இடத்தில் ஒலி அலை செலுத்துவது) முதுகு வலியிலும் முழங்கால் வலியிலும் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. என்னிடமும் அது ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதன் மேல்தான் ஃபைல்களை வைக்கிறேன்.

எங்கள் உண்மையான வேலை எது என்றால், எந்த மூட்டு எவ்வளவு சுமை தாங்கும் என்று அளந்து பார்த்து, இன்று தாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடுத்த வாரம் தாங்கும்படி பழக்குவது.

எலும்பு உடைஞ்சா புத்தூர் கட்டு கட்டலாமா?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. புத்தூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதை ஒதுக்கிவிட்டு எழுதினால் ஏமாற்று வேலை. மூங்கில் பத்தை, துணி, முட்டையின் வெள்ளைக் கரு, பச்சிலைச் சாறு என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கட்டு கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. தோல் கிழியாமல், எலும்பு நகராமல், மூட்டுக்குள் போகாமல் நேராக ஒரு முறிவு இருந்தால், அசையாமல் வைத்தாலே அது கூடிவிடும். மாவுக்கட்டானாலும் மூங்கில் கட்டானாலும் எலும்பைக் கூட்டுவது உடம்புதான். இப்போது எக்ஸ்ரே பார்த்த பிறகு கட்டும் இடங்களும் உண்டு.

எது ஆபத்து என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் கட்டுக்குப் போகாதீர்கள், நேரே அறுவை அரங்கு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்தால் அதற்கும் கட்டு இல்லை. படுக்கையிலேயே வைத்தால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், கால் ரத்தக்கட்டு என்று முறிவைவிடப் பெரிய வில்லன்கள் வருவார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்க வைப்பதுதான் அவருக்குச் சிகிச்சை. சின்னப் பிள்ளை விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிந்திருந்தால், இறுக்கிக் கட்டுவது மிகவும் ஆபத்து. அந்த இடத்தில் வீக்கம் வேகமாக ஏறும், கைக்குப் போகிற ரத்தக் குழாயும் அங்கேயே ஓடுகிறது.

யார் கட்டிய கட்டானாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டே ஆனாலும், விரல் வெளிறினாலோ நீலம் பூத்தாலோ மரத்துப் போனாலோ, மடங்கிய விரலை மெல்ல நீட்டியதும் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, அது ‘கட்டுன்னா அப்படித்தான் வலிக்கும்’ கிடையாது. உள்ளே தசை ரத்தமில்லாமல் தவிக்கிறது. சில மணி நேரம்தான் அவகாசம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் கை வாழ்நாள் முழுக்க மடங்கிய கையாகவே நின்றுவிடலாம்.

கட்டு அவுத்தாச்சு, கை மடங்கல. எண்ணெய் போட்டு நல்லா இழுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம், முக்கியமாக முழங்கையில். அடிபட்ட முழங்கையை வலுவாகத் தேய்த்தும் இழுத்தும் விட்டால், தசைக்குள்ளேயே புதிதாக எலும்பு முளைக்கும். கதையாகச் சொல்லவில்லை, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அதன் பிறகு மடங்காத கையை மடக்க ஆபரேஷன் வரை போக வேண்டிவரும். எண்ணெயை மேலாகத் தடவிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. கையை மடக்குவது நோயாளியின் சொந்தத் தசையாக இருக்க வேண்டும், மாமாவின் முரட்டுக் கையாக இருக்கக் கூடாது.

ஏன் மடங்கவில்லை என்று புரிந்தால் பயம் போகும். மூட்டின் உள்பூச்சான குருத்தெலும்புக்குத் தனியே ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தும்போது பழைய நீரைத் துப்பி, விடும்போது புதிய நீரை உறிஞ்சிப் பஞ்சு மாதிரிதான் அது சாப்பிடுகிறது. ஆறு வாரம் அசையாமல் கிடந்தால் அதற்கு ஆறு வாரப் பட்டினி. சுற்றியுள்ள உறை சுருங்கும். தசையோ இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். இதற்கெல்லாம் மருந்து, கட்டு போட்ட அன்றே தொடங்க வேண்டியது. மணிக்கட்டில் கட்டு என்றால் விரல்களையும் முழங்கையையும் தோளையும் யாரும் கட்டிப்போடவில்லையே. ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை விரலை மூடித் திறக்கலாம், கையைத் தலைக்கு மேலே தூக்கலாம். மணிக்கட்டு உடைந்து வந்த பாட்டியின் மணிக்கட்டு ஆறே வாரத்தில் சரியாகி, ஆறு வாரமும் தூளியில் கிடந்த தோள் இறுகிப்போய், அதற்காக ஆறு மாதம் என்னிடம் வந்த கதைகள் நிறைய.

ஸ்கேன்ல டிஸ்க் விலகிடுச்சுன்னு வந்திருக்கு. ஆபரேஷன்தானா?

முதலில், டிஸ்க் விலகாது. கேரம் போர்டு காய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிற பொருள் அல்ல அது. மேல் கீழ் எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. வெளியே நார் வளையம், நடுவே கூழ். கொழுக்கட்டையின் ஓரத்தில் விரிசல் விட்டுப் பூரணம் எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்க்கிற பூரணம் நரம்பு வேரைத் தொட்டால், பிட்டத்திலிருந்து கால் வழியாகப் பாதம் வரை மின்னல் இறங்கும். அதுதான் சயாட்டிகா.

இனி ஆறுதலான விஷயம். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. டிஸ்க் தேய்மானம் 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு. மறுபடியும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை. நரைமுடியைப் படம் எடுத்து நோய் என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படியோ, ஸ்கேன் ரிப்போர்ட்டில் பாதி வார்த்தைகள் அப்படித்தான். உங்கள் காலைப் பரிசோதித்து, ஸ்கேனில் தெரியும் இடமும் வலிக்கும் இடமும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லாதவரை அந்தக் காகிதத்துக்கு மதிப்பு குறைவு.

பெரிதாகப் பிதுங்கிய கூழைக்கூட உடம்பே சில மாதங்களில் கரைத்துவிடுவது சகஜம். அதனால்தான் பாதம் தொங்கிப்போவது, பலவீனம் கூடிக்கொண்டே போவது போன்ற நரம்புச் சிக்கல் இல்லாவிட்டால், ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆபரேஷன் இல்லாமல் முயலச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் செய்ய வேண்டிய பயிற்சி எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்குக் குப்புறப் படுத்து மேலுடம்பைக் கையால் உயர்த்தினால் கால் வலி மெல்ல மேலே ஏறி இடுப்போடு நின்றுவிடும். நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1956-இல் இதைத் தற்செயலாகக் கண்டார். அவருடைய நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். எழுந்தபோது கால் வலி போயிருந்தது. ஆனால் குப்புறப் படுத்தால் வலி பாதத்தை நோக்கி இறங்குகிற ஆட்களும் உண்டு, அவர்களுக்கு இது கூடாது. யூடியூபில் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வலி மேலே ஏறினால் தொடருங்கள், கீழே இறங்கினால் நிறுத்துங்கள்.

இடுப்பு புடிச்சிக்கிட்டா எத்தனை நாள் படுக்கணும்? பெல்ட் போடலாமா?

முடிந்தால் ஒரு நாளும் வேண்டாம். மிஞ்சினால் இரண்டு நாள். ஹெல்சிங்கி நகர ஊழியர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு கூட்டம் இரண்டு நாள் படுத்தது, ஒரு கூட்டம் முதுகுப் பயிற்சி செய்தது, ஒரு கூட்டம் தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தது. முதலில் தேறியவர்கள் மூன்றாவது கூட்டத்தார். பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. முதல் வாரத்தில் நடையே பயிற்சி. குனிந்து செய்யும் பயிற்சிகளும் வலுவூட்டும் பயிற்சிகளும் பிறகுதான், அதுவும் வலி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் முக்கியம்.

பெல்ட் போட்டுத்தான் தறிக்குப் போக முடியும் என்றால் ஒரு வாரம் போடுங்கள். மூன்று வருடமாகப் பெல்ட்டோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அது தாயத்து.

நகரி, ஏகாம்பரகுப்பம், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் இடுப்பைக் கெடுப்பது ஒரு பெரிய குனிதல் அல்ல. இழை அறுந்ததும் முடிச்சு போட ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டுவது, அதையே நாள் முழுக்கச் செய்வது. ஒரு காலை ஒரு செங்கல் உயரத்துக்கு எதன் மேலாவது மாற்றி மாற்றி வைத்து நில்லுங்கள். எட்டும்போது இடுப்பை மட்டும் திருப்பாமல் பாதத்தோடு திரும்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை இடுப்பில் வைத்துப் பின்னால் ஐந்து தடவை வளையுங்கள். தறி ஓடிக்கொண்டே இருக்கட்டும், இதற்கு நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது?

பிறப்புறுப்பும் ஆசனவாயும் சைக்கிள் சீட்டில் படும் பகுதியும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, இரண்டு காலும் ஒன்றாகத் தளர்ந்தால், அன்றைக்கே, அது நள்ளிரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகின் கடைசியில் வால் போல இறங்கும் நரம்புக் கற்றை நசுங்குகிற அறிகுறி அது. என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

படுத்தாலும் குறையாத இரவு வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவது, பசியின்மை எல்லாம் சேர்ந்து வந்தால் நம் நாட்டில் முதுகெலும்பு டி.பி.யை நினைக்க வேண்டும். நுரையீரலில் மட்டும்தான் டி.பி. வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு மாத்திரையால் குணம் உண்டு, தாமதித்தால் கூன் விழும், கால் விழும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் சும்மா உட்கார்ந்ததும் முதுகில் ‘சுருக்’ என்று வலி, இவையும் டாக்டரிடம் முதலில் போக வேண்டியவை. இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்துக் கொட்டினால் அது தோள் வலியே அல்ல, இதயம்.

கழுத்து வலி கைக்கு இறங்குது. சலூன்ல சொடுக்கு எடுத்தா சரியாகுமா?

சலூன் சொடுக்கை விட்டுவிடுங்கள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் ஒன்று இரு பக்கமும் ஓடுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் முடி வெட்டப் போன இடத்தில் அந்தப் பந்தயம் எதற்கு?

தறிக்குப் பாவு பிணைக்கிறவர்களுக்கும் நாள் முழுக்கத் தார் நூல் சுற்றுகிறவர்களுக்கும், ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கும் வருவது பெரும்பாலும் தசை இறுக்கம். மோவாயை உள்ளே இழுத்து (இரட்டைத் தாடை தெரிகிற மாதிரி) ஐந்து விநாடி வைத்துப் பத்து முறை, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பத்து முறை, நாளைக்கு நாலைந்து தடவை. கைக்கு இறங்கும் வலி நரம்பு வேரிலிருந்து வருவது. கையைத் தூக்கித் தலை மேல் வைத்ததும் அது குறைந்தால் சந்தேகம் உறுதியாகும். இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

சட்டைப் பட்டன் போடத் தடுமாறுகிறது, கையெழுத்து மாறிவிட்டது, நடை தள்ளாடுகிறது என்றால் அது வேறு கதை. கழுத்தில் தண்டுவடமே நெருக்கப்படுகிறது. வலி இல்லாமலும் இது வரும் என்பதுதான் இதில் மோசம். உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

தோள் தூக்க முடியல, தலை பின்ன முடியல. சுகருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக, சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருவது இந்தத் தோள் இறுக்கம். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று எழுதித் தருவார்கள். தோள் இறுகி வந்த சிலரைச் சர்க்கரை டெஸ்டுக்கு அனுப்பப்போய், அன்றுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது.

வீட்டிலேயே பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை நேரே நீட்டி, வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். மற்ற கை போகும் தூரத்தில் பாதிகூட இந்தக் கை போகவில்லை, வேறொருவர் திருப்பினாலும் போகவில்லை என்றால் இது அதுதான். மற்றவர் தூக்கினால் தாராளமாக மேலே போகிறது, நீங்களாகத் தூக்கினால் மட்டும் போகவில்லை என்றால், தசைநார் நைந்திருக்கலாம், சிகிச்சை வேறு. மாம்பழக் காலத்தில் நாள் முழுக்கத் தொரட்டியைத் தலைக்கு மேலே பிடிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

தோள் இறுக்கம் முதலில் வலிக்கும், பிறகு இறுகும், பிறகு தானே இளகும். மூன்றும் முடிய ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் கெடுதல். குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம் போல ஆடவிடுவது போதும். அந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி நல்ல ஆறுதல் தரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், அளந்துகொள்ளுங்கள். இறுக்கம் கட்டத்தில்தான் சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏறுவதும், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பதும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வாரத்துக்கு அரை அங்குலம் ஏறினால் அது வெற்றி.

முழங்கை வெளிப்பக்கம் வலி. கட்டைவிரல் அடியில் வலி

முதலாவதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர், என்னிடம் வந்தவர்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. துணி பிழிகிறவர்கள், ஸ்பானர் பிடிக்கிறவர்கள்தான். ஊசி போட்டால் ஆறு வாரம் சொர்க்கம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து, மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, மெல்ல மெல்ல இறக்குவதுதான் பயிற்சி. மூன்று மாதப் பொறுமை வேண்டும்.

கட்டைவிரல் வலி கைக்குழந்தைக்காரிகளுக்கு வரும். குழந்தையை அக்குளில் விரல் விரித்துத் தூக்காமல், அடியில் கை கொடுத்து வாரி எடுங்கள் அம்மா. பாதி வலி அதிலேயே போகும்.

மூட்டுத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுறேன், இன்னும் குறையலயே?

குறையாது. இரண்டு வேறு விஷயங்களை நம் ஊரில் ‘எலும்பு தேய்மானம்’ என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். எலும்பு உள்ளுக்குள் பொறையோடிப் பலமிழப்பது ஒன்று. அது வலிக்காது, உடையும்போதுதான் தெரியும். அதற்குத்தான் கால்சியமும் வைட்டமின் டி-யும் மற்ற மருந்துகளும். முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது இன்னொன்று. அதைக் கால்சியம் வளர்க்காது.

முழங்காலுக்கு நிஜமான மருந்து தொடை முன்தசை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதை அழுத்தி ஐந்து விநாடி, பத்து முறை. அடுத்த கட்டம், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து பத்தாக மூன்று தடவை. நாற்காலி தாழ்வாக இருந்து வலித்தால் மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள், மாதாமாதம் உயரத்தைக் குறையுங்கள். எடையைப் பற்றிப் பேசினால் கோபம் வரும், ஆனாலும் ஒரு கணக்கு மட்டும்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் அடிக்கு இருபது கிலோ மூட்டையை இறக்கி வைத்தவர்.

‘உள்ளே கேமரா விட்டுச் சுத்தம் செய்தால்?’ என்றும் கேட்பார்கள். தேய்ந்த மூட்டுக்கு அது பயனில்லை என்று 2002-லேயே காட்டிவிட்டார்கள். வெறுமனே தோலைக் கீறித் தையல் போட்டு அனுப்பியவர்களும், நிஜமாகச் சுத்தம் செய்யப்பட்டவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். இரவுத் தூக்கம் கெட்டு, தெருமுனை வரை நடக்க முடியாமல், பயிற்சியும் தோற்றுப்போனால் மூட்டு மாற்று நல்ல ஆபரேஷன். அதற்கு முன்பே தொடைத் தசையைத் தேற்றிக்கொண்டு போகிறவர் சீக்கிரம் எழுந்து நடப்பார். பிறகு எல்லோரும் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். முழங்கால் முழுசாக நீள்கிறதா என்பதை முதலில் பாருங்கள், நீளாத கால் விந்தும்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் கொல்லுது

குதிமுள் என்று எக்ஸ்ரே காட்டி பயமுறுத்தியிருப்பார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலிப்பது பாதத்தின் அடியிலுள்ள பட்டை. தறிக்கொட்டகைச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலில் நிற்பவர்களுக்கு இது பரிசு மாதிரி வரும். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் துண்டைப் பாதத்தில் மாட்டி அரை நிமிடம் இழுங்கள். சுவரைப் பிடித்துக் கெண்டைத் தசையை நீட்டுங்கள். கொட்டகைக்கு என்று மெத்தென்ற செருப்பு ஒன்று தனியாக வையுங்கள், தரை சுத்தம் கெடாது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் போய்விடும், ஆனால் அந்த ஒரு வருடம் நீளமானது.

சூடா, ஐஸா?

புது அடி, வீக்கம் என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ், துணி சுற்றி. பழைய வலி, இறுக்கம் என்றால் வெந்நீர் ஒத்தடம். எது இதமோ அது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் இரண்டையும் தொடாதீர்கள், சுட்டது தெரியாது. கணுக்கால் சுளுக்கில் நான்கு அடி எடுத்து வைக்கவே முடியவில்லை, அல்லது கணு எலும்பின் மேலேயே தொட்டால் வலி என்றால் ஒத்தடத்துக்கு முன் எக்ஸ்ரே.

பயிற்சி செய்தா வலிக்குதே, நிறுத்திடட்டுமா? எத்தனை நாள் வரணும்?

பத்துக்கு மூன்று நான்கு மார்க் வலி பரவாயில்லை. மறுநாள் காலை எழும்போது வலி நேற்றைய காலையைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் அளவு சரி. கூடினால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தினமும் வந்து பத்து நாள் பேக்கேஜ் முடிப்பதைவிட, வாரம் ஒருமுறை வந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்வது மேல். என் வருமானத்துக்கு இது நல்லதல்ல.

யாரிடம் போவது என்றால், பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தத் தொழிலையும் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாத பெரியவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம், அதாவது திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் இருந்தால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மூட்டு மாற்று மாதிரி பெரிய செலவுக்கு ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது முக்கியம். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டம்தான், அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமுமாக உள்ள குடும்பங்கள் ஏராளம். அண்ணன் கார்டில் தம்பிக்கு ஆபரேஷன் நடக்காது. போவதற்கு முன் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முட்டி வலி இருக்கு. திருமலைக்கு நடந்து ஏறலாமா?

‘ஏறாதீங்க’ என்று சொன்னால் கேட்கப் போகிறீர்களா? ஆகவே எப்படி ஏறுவது என்று சொல்கிறேன்.

அலிபிரி வழி சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு வழி 2,400-க்குச் சற்றுக் குறைவு, தூரமும் குறைவு, ஆனால் நெட்டுக்குத்தாக ஏறும். அலிபிரி வழியில் கடைசிப் பக்கம் வரும் செங்குத்தான படிகளுக்கே தெலுங்கில் முழங்காலின் பெயர்தான், மோகாள்ள மெட்டு. நம்மவர்கள் ‘முழங்கால் முறிச்சான்’ என்பார்கள். மலையை மிதிக்க மனமின்றி ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று கதை. அவரோடு நீங்கள் போட்டி போட வேண்டாம்.

மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் மாதம் மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சி. இரண்டாம் மாதம் வாரம் ஒருமுறை திருத்தணி மலை, 365 படி, நின்று நின்று. மறுநாள் காலை வீக்கம் இல்லையென்றால் மூன்றாம் மாதம் அதையே இரண்டு முறை. ஏறும் அன்று ஒரு கோல் எடுத்துக்கொள்ளுங்கள், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். படியில் நல்ல கால் முதலில். முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கிற வாரத்திலும், நெஞ்சு படபடப்பு உள்ளவர்களும் தள்ளிப்போடுங்கள், பெருமாள் அங்கேயேதான் இருப்பார்.

படி ஏறும்போது முழங்கால் மேல் உடல் எடையைப் போல மூன்று மடங்கு விழுகிறது. இறங்கும்போது அதைவிடவும் அதிகம். ஏறிவிட்டு வந்தவர்களைவிட நடந்தே இறங்கி வந்தவர்கள்தான் மறுநாள் என்னிடம் வருகிறார்கள். இறங்க பஸ் இருக்கிறது. நடந்து ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நடந்து இறங்குகிறேன் என்று இதுவரை யாரும் வேண்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.